லாயத்தில் வளரும் பிள்ளைகள்

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு கௌபாய் அன்னியர் அல்ல. டெக்ஸ் வில்லரைத் தெரியும், லக்கி லூக்கைத் தெரியும். ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றிய கர்ணன் படங்களும் நினைவிருக்கும். ஆனாலும் அமெரிக்க மேற்கு என்றதும் நம் மனத்தில் எழும் முகம் வெள்ளை முகம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு டெக்சாஸிலிருந்து வடக்கே மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மறைக்கப்பட்ட இந்தப் பங்கை மீட்டு, அதையே பிடிமானமாகக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கும் சிறு தொண்டமைப்புகள் பிலடெல்பியா, காம்ப்டன், ஹார்ட்ஃபோர்டு போன்ற நகரங்களில் இருக்கின்றன. துப்பாக்கிச் சத்தமும் போதைப்பொருள் வியாபாரமும் நிறைந்த தெருக்களுக்கு நடுவே அவர்கள் குதிரை வளர்க்கிறார்கள். ஒரு மரபைக் கொண்டாடுவதால் ஒரு பிள்ளை தப்பிக்குமா என்ற கேள்வியை இவர்களை வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மரபு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1860-இல் டெக்சாஸ் மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் அடிமைகள். பெரும்பாலோர் பருத்தி வயல்களில் உழைத்தார்கள் என்றாலும், மாடு மேய்ப்பதும் குதிரை பழக்குவதும் பலர் தலையில் விழுந்த வேலை. 1861-இல் போர் மூண்டது. பண்ணை முதலாளிகள் படைக்குப் போனார்கள். மந்தைகளைப் பார்த்துக்கொண்டது இந்த அடிமைகள்தான். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை அறிவிக்கப்பட்டபோது, வேலியற்ற வெளிகளில் லட்சக்கணக்கான மாடுகள் திரிந்துகொண்டிருந்தன. அவற்றை வளைத்துப் பிடிக்கவும், சூடு போடவும், நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்லவும் தெரிந்த கைகள் அதே மனிதர்களுடையவை. அடித்து வேலை வாங்கிய பண்ணைக்காரர்கள் கூலி கொடுத்து அவர்களை அமர்த்த வேண்டியதாயிற்று.

அந்தத் தலைமுறையில் சிலர் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. டென்னசியில் 1854-இல் அடிமையாகப் பிறந்த நாட் லவ், மாட்டு மந்தைகளோடு அலைந்து, பிற்பாடு ரயிலில் பணியாளாக இருந்து, 1907-இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பாஸ் ரீவ்ஸ் 1875-இல் கூட்டாட்சி அரசின் காவல் அதிகாரியானார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பிடியாணைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய் 3,000-க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார். டெக்சாஸில் 1870-இல் பிறந்த பில் பிக்கெட், ஓடும் காளையின் மேல் குதிரையிலிருந்து பாய்ந்து, கொம்பைத் திருகி, அதன் உதட்டைப் பல்லால் கவ்விக் கீழே சாய்ப்பார். இன்று ரோடியோ என்னும் கௌபாய் விளையாட்டு அரங்குகளில் நடக்கும் காளை சாய்ப்புப் போட்டி அவரிடமிருந்து வந்தது. பல அரங்குகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்பதால் அவரைச் செவ்விந்தியர் என்று அறிவித்து இறக்கியதுண்டு. 1994-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட முனைந்தபோது அச்சாகியிருந்தது அவர் தம்பி பென் பிக்கெட்டின் படம்! குடும்பத்தார் சொல்லித்தான் தெரிந்தது. அச்சிட்டதைத் திரும்பப் பெற்றார்கள்.

குதிரைப் பந்தயத்தின் கதை இதைவிட வலிப்பது. 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். வென்றவர் ஆலிவர் லூயிஸ். ஐசக் மர்ஃபி மூன்று முறை வென்றார். 1901, 1902 என அடுத்தடுத்து வென்ற ஜிம்மி விங்க்ஃபீல்டுக்குப் பிறகு இன்றுவரை ஒரு கறுப்பினத்தவரும் அந்தப் பந்தயத்தை வென்றதில்லை. வெள்ளை ஜாக்கிகள் பந்தய மைதானத்திலேயே அவர்களை வேலியோடு சேர்த்து நெருக்கினார்கள். முதலாளிகள் வாய்ப்புக் கொடுப்பதை நிறுத்தினார்கள். விங்க்ஃபீல்டு ரஷ்யாவுக்குப் போய் அங்கே புகழ் பெற்றார். 1961-இல், முதுமையில், டெர்பியை ஒட்டிய விருந்துக்கு அழைக்கப்பட்டு லூயிவில் நகர விடுதிக்கு வந்தவரை முன்வாசலில் நிறுத்தி, உள்ளே விட மறுத்தார்கள். ஒரு சமூகம் தான் தேர்ச்சி பெற்ற தொழிலிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டது. பிறகு, அந்தத் தொழிலில் அது இருந்ததே இல்லை என்று அதன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்பட்டது.

இந்த இரண்டாவது அநீதியைத்தான் வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் தன் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1875-இல் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, 1912-இல் ஹார்வர்டில் முனைவரானவர். 1926-இல் பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒதுக்கச் செய்தார். 1976-இல் அது ஒரு மாதமாக விரிந்தது. தன் வரலாறு தெரியாத பிள்ளை, சொல்லாமலே கொல்லைவாசலுக்குப் போய் நிற்கப் பழகிவிடும் என்பது அவர் கவலை. பள்ளிக்கூடச் சுவரில் பிப்ரவரியில் ஒட்டி மார்ச்சில் கிழிக்கும் படங்களால் அந்தக் கவலை தீராது என்றே நான் நினைக்கிறேன். மரபு அன்றாட வேலையாக இறங்கி வர வேண்டும்.

அப்படி இறங்கி வந்த இடங்களில் ஒன்று வட பிலடெல்பியாவின் ஸ்ட்ராபெரி மேன்ஷன். 1910-க்கும் 1970-க்கும் இடையில் தெற்கு மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். குதிரை பழக்கத் தெரிந்தவர்களும் அவர்களோடு வந்தார்கள். அன்று நகரத் தெருக்களில் காய்கறி, பால், கரி எல்லாம் குதிரை வண்டியில்தான் வந்தன. லாயங்கள் நிறைய இருந்தன. லாரி வந்த பிறகு வண்டிகள் போய்விட்டன. ஆனால் சில சந்துகளில் குதிரைகள் மட்டும் தங்கிவிட்டன. ஃபிளெட்சர் தெருவின் லாயங்கள் அப்படித் தங்கியவை. எல்லிஸ் ஃபெரல் என்ற மூத்தவர் 2004-இல் அதை ஃபிளெட்சர் தெரு நகர்ப்புறக் குதிரையேற்றச் சங்கம் என்று பதிவு செய்து முறையான தொண்டமைப்பாக்கினார். நியூ ஹாலண்ட் சந்தையில் ஏலத்துக்கு வரும், வாங்க ஆளில்லாவிட்டால் இறைச்சிக்குப் போகக்கூடிய குதிரைகள்தான் அவர்கள் பெரும்பாலும் வாங்குபவை. கைவிடப்பட்ட குதிரையைத் தேற்றுகிற வேலை, பள்ளியும் அரசும் கைவிட்ட பிள்ளையிடம் வருகிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். 30 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும். அதற்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் தீனியில் சிறு பிசகும் வயிற்று வலியாகி உயிரைக் கொண்டுபோய்விடலாம். ஆகவே புதிதாக வரும் பிள்ளையை யாரும் உடனே சேணத்தில் ஏற்றுவதில்லை. முதலில் லத்தியை அள்ளி, ஈரமான படுக்கையை மாற்றி, உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். பிறகு குளம்பு. குதிரையின் தோளுக்குப் பக்கத்தில், வால் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கையைக் கால் வழியே மெல்லக் கீழே இறக்கினால், நம்பிக்கை வந்த குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். கொக்கி போன்ற சிறு கருவியால் குதியிலிருந்து முன்பக்கமாகச் சிக்கிய மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும்; நடுவே முக்கோணமாக இருக்கும் மென்மையான பகுதியைக் குத்திவிடக் கூடாது. ஒரு கல் விட்டுப்போனால் மறுநாள் குதிரை நொண்டும். கோபத்தோடு லாயத்துக்குள் வரும் பையனிடம் அது காலைக் கொடுக்காது. காதை மடக்கி நகர்ந்துகொள்ளும். அவன் மூச்சு நிதானப்படும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதை எந்த அறிவுரையும் இல்லாமல் ஒரு விலங்கு சொல்லித் தருகிறது. பக்கத்தில் 70 வயதுக்காரர் ஒருவர் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார். தன் தாத்தாவிடம் கற்றதாகச் சொல்வார். மரபு அங்கே பாடமாக வருவதில்லை.

இது பிள்ளைகளைக் காக்கிறதா? நல்ல மனத்தோடு செய்தால் நல்லதே நடக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதை இந்தத் துறை கசப்போடு கற்றிருக்கிறது. மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு வழிகாட்டி, மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. 30 ஆண்டுகள் கழித்து குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் பலர் அந்தத் திட்டத்தை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் உதவி பெறாதவர்களைவிட அவர்கள் நிலைதான் மோசமாக இருந்தது. பிற்பாடு செய்த அலசலில், கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் கெடுதல் அதிகம் என்று தெரிந்தது. தடுமாறும் சிறுவர்களை ஒன்றாகக் கூட்டி வைத்தால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது தடுமாற்றத்தைத்தான். சிறைக்கு அழைத்துப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டங்கள் 1970-களில் பெரும் புகழ் பெற்றன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவை குற்றத்தைக் கூட்டியது தெரியவந்தது. வழிகாட்டியாக வந்தவர் மூன்று மாதத்துக்குள் விலகிப்போனால் பிள்ளையின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் கீழே போகிறது என்பதும் ஆய்வில் கண்டதுதான்.

மறுபக்கமும் உண்டு. சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கியும் அவருடைய சகாக்களும் 264 நகரங்களை 20 ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, ஒரு லட்சம் பேருக்குப் பத்துத் தொண்டமைப்புகள் கூடினால் கொலை விகிதம் 9 சதவீதம் குறைகிறது என்று 2017-இல் காட்டினார்கள். 1990-களில் அமெரிக்க நகரங்களில் வன்முறை வடிந்ததற்குக் பெரும்பாலும் காவல்துறைக்கே பாராட்டுப் போய்ச் சேர்ந்தது. தெருவிளக்கு கேட்டு நின்ற, பூங்காவைச் சுத்தம் செய்த, மாலையில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த அக்கம்பக்கத்து மனிதர்களின் பங்கு இந்த ஆய்வுக்குப் பிறகுதான் கணக்கில் வந்தது. சிகாகோவில் ‘பிகமிங் எ மேன்’ என்ற திட்டம், சினம் வரும் நொடியில் நிதானித்துப் பார்க்கும் பழக்கத்தைச் சிறுவர்களிடம் வளர்க்கிறது. குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. குதிரையின் முன்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சீராக்கும் பையன் பழகுவதும் இதே நிதானத்தைத்தான்.

மரபுக்கு இதில் தனிப் பங்கு உண்டா என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளிகளில் விடை இருக்கிறது. 2010-இல் அங்கே கறுப்பினச் சிறுவர்களுக்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். ஆசிரியர்களும் கறுப்பின ஆண்கள். ஆப்பிரிக்க வரலாறு, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் முறை எல்லாம் கலந்த பாடம். தாமஸ் டீ, எமிலி பென்னர் இருவரும் செய்த ஆய்வில், அந்த வகுப்பு கிடைத்த பள்ளிகளில் கறுப்பின ஆண் மாணவர்களின் இடைநிற்றல் 43 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பலனை, தன்னைப் போன்ற ஒருவர் வகுப்பறையில் நின்று தன் முன்னோரைப் பற்றிப் பேசியது தந்தது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட வருத்தம்தான் அதிகம். இவ்வளவு எளிய ஒன்றைக் கொடுக்க இத்தனை காலம் ஆயிற்றே.

குதிரைச் சங்கங்கள் சிறியவை. ஒவ்வொன்றிலும் இருக்கும் பிள்ளைகள் கொஞ்சம்தான்; சிகாகோ போலக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்க அந்த எண்ணிக்கை போதாது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எதை நல்லது, எதைக் கெட்டது என்று சொல்கின்றனவோ அதை வைத்து எடை போட்டால் அவை நன்றாகவே நிற்கின்றன. லாயத்தில் தடுமாறும் பிள்ளைகள் மட்டும் கூடுவதில்லை. கிழவர்கள், தாய்மார்கள், ஏழு வயதுக் குழந்தைகள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். மூன்று மாதத்தில் முடியும் திட்டம் அங்கே இல்லை. குதிரை 25 ஆண்டுகள் வாழும். வளர்ப்பவரும் அவ்வளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும்.

சங்கத்துக்குச் சங்கம் வேறுபாடு உண்டு. பிலடெல்பியாவிலேயே ஃபேர்மவுண்ட் பூங்காவில் லெஸ்லி ஹைனர் என்ற வெள்ளைப் பெண்மணி 1994-இல் தொடங்கிய ‘வொர்க் டு ரைடு’ மரபைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. லாயத்தில் வேலை செய், பள்ளியில் மதிப்பெண்ணைக் காப்பாற்று, அப்போது குதிரை ஏறலாம் என்பதே ஒப்பந்தம். அங்கே வளர்ந்த கரீம் ராசரும் தோழர்களும் 2011-இல் பள்ளிகளுக்கிடையிலான தேசியப் போலோ பட்டத்தை வென்றார்கள். முழுக்கக் கறுப்பின வீரர்கள் கொண்ட அணி ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை. செல்வர்களின் ஆட்டமாகவே இருந்த போலோவில் இது சின்ன விஷயமல்ல. லண்டன் பிரிக்ஸ்டனில் 1996-இல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப்பும் இதே வகை. அங்கே பழகிய கதீஜா மெல்லா 18 வயதில், ஹிஜாப் அணிந்தபடி, 2019-இல் குட்வுட்டின் மேக்னோலியா கோப்பையை வென்றார். லாயம் தனியாகவே பயன் தரும் என்று இவை காட்டுகின்றன.

ஹார்ட்ஃபோர்டில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிய பட்ரீசியா கெல்லி 1984-இல் தொடங்கிய எபனி ஹார்ஸ்விமன் மரபு, லாயம் இரண்டையும் சேர்த்தது. கறுப்பினப் பெண்கள் சேர்ந்து குதிரையேறும் கூட்டமாக ஆரம்பித்துப் பிள்ளைகள் பக்கம் திரும்பியது. கீனி பூங்காவில் சிறுவர்கள் சீருடையில் குதிரை மேல் ரோந்து போகிறார்கள். ஊரார் தன்னைப் பார்த்து ஒதுங்கிப் போவதையே பழகிய பையன், அதே ஊரார் தன்னிடம் வழி கேட்பதைப் பார்க்கிறான். மனநலச் சிகிச்சையும் அங்கே குதிரைகளோடுதான். தொடங்கியதே பெண்கள் என்பதால் சிறுமிகள் இங்கே ஓரத்தில் நிற்கவில்லை. மற்றப் பல இடங்களில் கௌபாய் மரபு ஆண்பிள்ளை மரபாகவே சுருங்கிவிடுவதைப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

எல்லாம் நன்றாக முடிந்த கதைகளும் அல்ல. நியூயார்க் குயின்ஸில், நகராட்சிப் பூங்கா நிலத்தில் இருந்த கறுப்பினக் கௌபாய்கள் கூட்டமைப்பு பல ஆண்டுகள் பிள்ளைகளை வரவேற்றது. ஆனால் குதிரைப் பராமரிப்பு பற்றியும் நிர்வாகம் பற்றியும் குறைகள் எழுந்து, கடைசியில் நகரம் அந்த லாயத்தை மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரைச் சிகிச்சை அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தது. விலங்கைக் காட்டிப் பிள்ளையை வளர்ப்பவர் விலங்கைக் குறையில்லாமல் வைத்திருக்க வேண்டும். இதில் சலுகை கேட்க முடியாது. உலர்புல், லாடம், கால்நடை மருத்துவர், காப்பீடு என்று மாதாமாதம் வரும் செலவை அங்கங்கே கேட்டு வாங்கும் நன்கொடையால் சமாளிப்பவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பதும் உண்மை. நன்கொடையாளர்கள் ‘இளைஞர் திட்டம்’ என்றால் ஓராண்டுக்குத் தருகிறார்கள். வைக்கோலுக்கும் கூரைக்கும் யாரும் தருவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். காம்ப்டனைப் பாருங்கள். கிரிஃபித் காம்ப்டன் 1867-இல் குடியேற்றிய ஊர். ஒரு பகுதி விவசாயத்துக்கே இருக்க வேண்டும் என்று பின்னர் அவர் வகுத்தது ரிச்லேண்ட் ஃபார்ம்ஸ் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் நெரிசலுக்கு நடுவே வீட்டுக் கொல்லையில் குதிரை கட்டச் சட்டம் இடம் தருகிறது. 1988-இல் மாயிஷா அக்பர் அங்கே காம்ப்டன் ஜூனியர் பாஸி என்ற அமைப்பைத் தொடங்க முடிந்ததும், அதில் வளர்ந்தவர்களே பின்னாளில் காம்ப்டன் கௌபாய்ஸ் என்று பெயர் பெற்றுப் பொறுப்பை ஏற்றதும், 2020 ஜூனில் கறுப்பினத்தவருக்கு நீதி கேட்டு நடந்த ஊர்வலத்தில் குதிரை மேல் முன்னே போனதும் அந்தச் சட்டம் இருந்ததால்தான். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் கைமாற்றிக் கொடுக்க ஓர் இடம் இருந்தது.

ஃபிளெட்சர் தெருவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இட்ரிஸ் எல்பா நடித்து 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘காங்க்ரீட் கௌபாய்’ படத்தால் உலகமே அந்தத் தெருவைத் தெரிந்துகொண்டது. அங்கே குதிரையேறுபவர்கள் சிலர் அதில் நடித்தும் இருக்கிறார்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், லாயத்துக்கு எதிரே குதிரைகள் மேய்ந்து ஓடிய வெற்று நிலம் கட்டுமானத்துக்குப் போயிற்று. அங்கே வரும் வீடுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏழைகளுக்கு வீடும் வேண்டும்தான். ஆனால் அதே 2021-இல் பிலடெல்பியாவில் 562 பேர் கொல்லப்பட்டார்கள். அந்நகரத்தின் வரலாற்றிலேயே அது உச்சம். அப்படிப்பட்ட ஆண்டில், பையன்கள் மாலையில் தாங்களாகவே தேடி வரும் ஒரு வெளியை வேறெங்கே கொடுக்கலாம் என்று நகரம் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

அதற்கான வழி அந்நகரத்துக்குப் புதிதும் அல்ல. பிலடெல்பியாவில் வெற்று மனைகளில் அக்கம்பக்கத்தார் வளர்த்த சமூகத் தோட்டங்களைக் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. மனையை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ தன் பேரில் வைத்துக்கொண்டு, தோட்டத்தைத் தோட்டக்காரர்களிடமே விடுகிறது. தக்காளிக்கும் கத்தரிக்கும் கிடைத்த அந்தப் பாதுகாப்பை லாயங்களுக்கும் மேய்ச்சல் வெளிகளுக்கும் கொடுக்கலாம். அவற்றில் முதலில் எழுத்தில் வர வேண்டியது ஃபிளெட்சர் தெரு.